இடப்பக்கத்துச் சொட்டு

குனிந்த தலையை நிமிர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டு அத்தான் பை அடுக்க உள்ளே போயிருக்கிறார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, மூக்குக்குக் கீழே ஒரு கண்ணாடிக் குப்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். குப்பிக்குள் நான்கு சொட்டுத் தண்ணீர். அது மூக்குத் தண்ணீரா மூளைத் தண்ணீரா என்பதுதான் இன்றைக்கு இந்த வீட்டில் கேள்வி. மூளையைச் சுற்றி ஒரு தண்ணீர் இருக்கிறதாம், மூளைக்கு அடியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து எடுத்த இடத்தில் போட்ட அடைப்பு சரியாக ஒட்டவில்லை என்றால் அது மூக்கு வழியாக ஒழுகுமாம், ஒழுகினால் மறுபடி மேஜையில் ஏற்றி, மறுபடி மூக்குக்குள் குழாயை விட்டு, மறுபடி தொடையைக் கீறிக் கொழுப்பெடுத்து அடைப்பார்களாம். இருபத்து நான்கு நாளுக்கு முன்னால் ஒரு தடவை ஏறி இறங்கியாயிற்று. இன்னொரு தடவை ஏற எனக்குத் தெம்பில்லை, பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தபோது இடது மூக்கிலிருந்து வெறும் தண்ணீராக மூன்று சொட்டு தரையில் விழுந்ததை அத்தான் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருந்த மனுஷன். மூளைத் தண்ணீரில் சர்க்கரை இருக்கும், சளியில் இருக்காது என்று எங்கேயோ படித்து வைத்திருக்கிறார். தன் சர்க்கரையைப் பார்க்கிற மிஷினை எடுத்து வந்து, அதில் செருகுகிற பட்டையை என் மூக்கு நுனியில் நீட்டினார். மிஷின் ஐந்து எண்ணியது, பிறகு அறுபத்தெட்டு என்று காட்டியது. அவர் முகம் செத்துப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "மிஷின வச்சு நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது சார், சொட்டுறத ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு வாங்க, தங்குற மாதிரியே வாங்க" என்று சிஸ்டர் சொன்னது எனக்கே கேட்டது. பத்தே முக்காலுக்கு ஆட்டோ வருகிறது. உள்ளே போகும்போது மணி பத்து பத்து என்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இன்று காலை அவர் பால் வாங்கப் போன நேரத்தில் நான் மூக்குக்குள் தேன் வைத்தேன். இன்று மட்டும் இல்லை, நாலு நாளாக வைக்கிறேன். பின்வீட்டு எஸ்தர் அக்கா கொடுத்த தேன். அவளுடைய கொழுந்தனுக்குக் காலில் ஆறாத புண் தேன் வைத்து ஆறியதாம், மூக்குப் பொருக்குக்கும் கேட்கும் என்றாள், நானும் கேட்டுக்கொண்டேன். சாதாரண நாளில் எஸ்தர் அக்கா வானம் நீலம் என்று சொன்னாலும் வெளியே வந்து ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பேன், மூக்கு விஷயத்தில் மட்டும் அப்படியே நம்பினேன். பட்ஸ் குச்சி நுனியில் ஒரு துளி, அவ்வளவுதான். அப்படியானால் அந்த அறுபத்தெட்டு தேனுடைய அறுபத்தெட்டாக இருக்கலாம். சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் தீராது, ஏனென்றால் தேன் வைத்தது வலது பக்கம், சொட்டினது இடது பக்கம். வலது பக்கம்தான் பொருக்கு அதிகம், அதனால் வலது பக்கம் வைத்தேன். இடது பக்கம் தேனே போகவில்லை. அப்புறம் இடது பக்கத்துச் சொட்டுக்கு இனிப்பு எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில்தான் பத்து நிமிஷமாக நிற்கிறேன். டாக்டர் என்ன சொன்னார், "மூக்கு நடுச்சுவரோட பின்பக்கத்த எடுத்துத்தாம்மா வழி பண்ணிருக்கோம், முன்னால ரெண்டு வாசல், உள்ள ஒரே ஹால்" என்றார். அப்படியானால் வலது வாசலில் வைத்த தேன் ஹாலுக்குப் போய் இடது வாசல் வழியாக வரலாம். வரலாம்தான். வராமலும் இருக்கலாம். தேன் என்று சொல்லி அவரை நிம்மதியாக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்து, கடைசியில் அது தேனாக இல்லாமல் போனால்? தேன் என்று சொல்லாமல் அந்த அறுபத்தெட்டைக் கேட்டு டாக்டரும் பயந்து மேஜையில் ஏற்றிவிட்டால்? வலது பக்கம் வைத்தேன், இடது பக்கம் சொட்டினது.

உள்ளே பீரோ திறக்கிற சத்தம். எனக்குத் துண்டு எடுக்கிறார். பச்சைத் துண்டை எடுப்பார், எனக்கு அது பிடிக்காது, சொரசொரவென்று இருக்கும், ஆனால் அதுதான் தண்ணீரை நன்றாக உறிஞ்சும் என்று அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் செய்வார். ஆஸ்பத்திரியில் மூக்குக் கழுவுகிற பொடிப் பாக்கெட் கொடுத்தார்கள், அது தீர்ந்ததும் வேறு வாங்கவில்லை, வீட்டிலேயே தயாரிக்கிறேன் என்றார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். ஒரு லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு, சின்னத் தராசில் காகிதம் போட்டு, காகிதத்தின் எடையைக் கழித்து. தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டுவார். மறுநாள் மிச்சம் இருந்தால் செடிக்குக்கூட ஊற்ற மாட்டார், உப்பு என்று சாக்கடையில் கொட்டுவார். காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் வாஷ்பேசினில் வாயைத் திறந்து நிற்பேன், அவர் ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாட்டிலை மெதுவாக அழுத்துவார். ஒரு பக்கம் போய் மறு பக்கம் கொட்டும். பொருக்கு வரும், பழுப்பாக, பச்சையாக, சில நாள் ரத்தம் தோய்ந்து. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் என் தலையில் பேன் பார்க்கக்கூட அவரை விட்டதில்லை நான். இப்போது என் மூக்கிலிருந்து வருவதை வெளிச்சத்தில் நின்று பார்த்து, "இன்னைக்கி நல்லா வந்திருக்கு பிள்ள, நேத்தையவிடப் பெரிசு" என்று சந்தோஷப்படுகிறார். அந்த மனுஷனிடம்தான் முதல் நாளே சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். "நான் காய்ச்சின தண்ணியையும் டாக்டர் எழுதினதையும் தவிர வேற ஒண்ணும் உன் மூக்குக்குள்ள போகப்படாது, கேட்டியா" என்றார், கேட்டேன் என்றேன். கேட்ட லட்சணம் இது. அரிசி டின்னுக்குள் தேன் பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறேன். திருட்டுப் பண்டம் ஒளிக்கிற பிள்ளை மாதிரி, ஐம்பத்து நாலு வயதில், அதுவும் ஒரு டீச்சர்.

மூன்றாம் வகுப்பு டீச்சர். மூக்கைச் சிந்துலே, சிந்திட்டு வா, கையைக் கழுவு, சட்டையில் துடைக்காதே, இதைத்தான் பாடம் நடத்தினதைவிட அதிகம் சொல்லியிருப்பேன். இப்போது நான் சிந்தக் கூடாது. சிந்தினால் அடைப்புப் பிய்ந்துவிடும். தும்மல் வந்தால் வாயை ஆவென்று திறந்து தும்ம வேண்டும், பாத்ரூமில் முக்கக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, உறிஞ்சவும் கூடாது. சிந்தவும் கூடாது உறிஞ்சவும் கூடாது என்றால் அந்த மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்னதான் செய்வது? அது பாட்டுக்குத் தொண்டையில் இறங்குகிறது, துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசியில். வாசனை ஒன்றும் தெரிவதில்லை, காபி கிடையாது, சோப்பு கிடையாது, மழை கிடையாது. தெரிகிறது ஒன்றே ஒன்றுதான். கோவிலில் ஆல்டர் பீடத்து மேல் பூ ஜாடியை இரண்டு வாரம் மாற்றாமல் விட்டால் அதன் அடித் தண்ணீர் ஒரு நாற்றம் அடிக்குமே, அது. அது வெளியே இருந்து வரவில்லை, என்னிடமிருந்து வருகிறது. பொருக்கு இருக்கிற வரை அப்படித்தான் இருக்கும், ரெண்டு மாசத்தில் போய்விடும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, அவர் வீட்டுக்குப் போய்விடுவார். நான் இந்த நாற்றத்தோடு அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். குளிர்கிறது என்று பொய் சொல்கிறேன், பாளையங்கோட்டையில், மே மாசத்தில். மூன்று ஞாயிறாகக் கோவிலுக்குப் போகவில்லை, பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்களை நினைத்து. போன ஞாயிறு அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசித்தவர், நடுவில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். காற்றுக்குத்தான் திறந்திருப்பார். ஆனால் நான் அன்றைக்கு மத்தியானமே எஸ்தர் அக்காவிடம் தேன் கேட்டேன். சேர்த்துப் பார்த்தால் அந்த ஜன்னல்தான் இந்த அறுபத்தெட்டு.

கழுத்து பிடித்துக்கொண்டது. குப்பியைப் பார்த்தால் நாலு சொட்டு. முன்னாலும் நாலுதான் இருந்ததா, ஐந்தா? எண்ணாமல் விட்டுவிட்டேன், எதையோ நினைத்துக்கொண்டு. சுவர்க் கடிகாரம் தலைக்கு மேலே இருக்கிறது, பார்க்க முடியாது, தரையையும் என் கால் விரல்களையும்தான் பார்க்க முடியும். உள்ளே ஃபிளாஸ்க்கைக் கழுவுகிற சத்தம். கழுவினதையே கழுவுகிறார். அப்புறம் சத்தமே இல்லை. பை அடுக்குகிறவர் சத்தமில்லாமல் இருந்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். கட்டிலில் உட்கார்ந்து என்ன செய்கிறார்? போன தடவை ஆபரேஷனுக்கு என்னை உள்ளே கொண்டுபோன ஐந்து மணி நேரமும் வராந்தாவில் நின்றபடியே நின்றார் என்று மகள் சொன்னாள், உட்காரச் சொன்னால் கோபப்பட்டாராம். அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அன்றைக்கு மூன்று மணிக்கு நான் கண் விழித்த பிறகுதான் ஒரு பன்னைத் தின்றிருக்கிறார். இன்றைக்கு அந்த மனுஷனை மறுபடி அந்த வராந்தாவில் நிறுத்தப் போகிறேன், ஒரு துளித் தேனை மறைத்து. மேஜையில் ஏறினால் எனக்கு மயக்க மருந்து இருக்கிறது. அவருக்கு ஒன்றும் கிடையாது. இது ஏன் இவ்வளவு நேரம் எனக்குத் தோன்றவில்லை? அவர் என் மேல் வருத்தப்படுவாரே, சத்தியத்தை மீறினேன் என்பாரே என்று என்னைப் பற்றியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். அது தேனா இல்லையா என்று முடிவு செய்வது என் வேலை இல்லை. நடந்ததைச் சொல்வதுதான் என் வேலை. எத்தனை பிள்ளைகளை நிற்கவைத்து இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டேன். அடைத்த மூக்கோடு கூப்பிட்டால் அத்தான் என்பது என் காதுக்கே வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. "தலைய நிமிர்த்தாத, தண்ணி வேணுமா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதம் மட்டும் தெரிந்தது. "நான் ஒண்ணு சொல்லணும், ஏசப்படாது" என்றேன். "சொல்லு" என்றார். "மூக்குக்குள்ள தேன் வச்சேன் அத்தான். இன்னைக்கிக் காலைல. நாலு நாளா வைக்கேன்." "எந்த மூக்குல?" என்று கேட்டார்.

வலது என்றேன். "சொட்டினது இடது" என்றார். "ஆமா, அதான் சொல்லல" என்றேன். எவ்வளவு வைத்தேன், எத்தனை மணிக்கு, வைத்த பிறகு படுத்தேனா உட்கார்ந்தேனா, அதற்குப் பிறகு மூக்குக் கழுவினது ஏழரைக்குத்தானே, எல்லாம் கேட்டார், எல்லாம் சொன்னேன். பிறகு என் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார், தையல் எல்லாம் வெளியே. "ஏன் பிள்ள?" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் தயாராக இல்லை. "நாறுது அத்தான். எனக்கே தாங்க முடியல. உங்களுக்கு அடிக்கும்லா" என்றேன். இல்லவே இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொன்னால் நம்பக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன். "அடிக்கத்தான் செய்யுது" என்றார். "நீ பேசினா அந்த நிலைப்படி வரைக்கும் வருது. அதுக்கென்ன இப்போ? லேபுல அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற கேஸ் பக்கத்துல உக்காந்து முப்பத்தோரு வருசம் தூக்குச்சட்டியத் தொறந்து சோறு தின்னவன் நான். உன் மூக்கு எனக்கு ஒரு காரியமா?" எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் மூக்குக்கு என்ன ஆகுமோ என்று வாயைத் திறந்து மூச்சை விட்டேன். "ஜன்னலத் தொறந்தீங்களே" என்றேன். எந்த ஜன்னல் என்று அவருக்கு நினைவே இல்லை. நாலு நாளாக நான் சுமந்துகொண்டு திரிந்த ஜன்னல். "என்கிட்டச் சொல்லிருக்கலாம்லா சீலி" என்று மட்டும் சொன்னார், அது ஏச்சை விட வலித்தது. பிறகு எழுந்து அரிசி டின்னிலிருந்து தேனை எடுத்து வந்தார், இருபத்தொன்பது வருஷமாக நான் எதை ஒளித்தாலும் அங்கேதான் என்று அவருக்குத் தெரியும் போல, நான் கேட்கவில்லை, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. ஒரு துளித் தேனைத் தன் உப்புத் தண்ணீரில் கலக்கி, மிஷினில் புதுப் பட்டை போட்டுப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவும் சொல்லக் கூடாதாம், லேபில் அதுதான் முதல் பாடமாம். மிஷின் எண்ணே காட்டவில்லை, அளவுக்கு மிஞ்சிவிட்டது, 'ஹை' என்று காட்டியது. "தேனாவும் இருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருக்கலாம். எத்தன சொட்டு விழுந்திருக்கு?" நான்கு என்றேன். "கடைசிச் சொட்டு எப்போ?" அது எனக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. பை அடுக்குகிறேன் என்று போன மனுஷன் கதவு இடுக்கு வழியாக என் குப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "பத்து பத்துக்கு நாலாவது. அதுக்குப் பொறகு விழல" என்றார். குழாய் ஓட்டையாக இருந்தால் சொட்டு நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும், கழுவின தண்ணீர் எங்காவது மூலையில் தங்கியிருந்தால் குனிந்ததும் நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும், அத்தனை வருஷம் பையன்களுக்குக் கண்ணாடிக் குழாய் மாட்டிக் கொடுத்த கணக்கில் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். டாக்டர் குழாய விட்டுப் பாத்துச் சொல்லட்டும். தேன் விசயத்த நீயே அவர்ட்டச் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்றேன், இந்தத் தடவை உண்மையாக. பழைய குப்பியை மூடி, மாதிரி ஒன்று என்று எழுதி வைத்தார். புதுக் குப்பி ஒன்றை எடுத்து, மாதிரி இரண்டு, பத்து முப்பது என்று எழுதி, அதை என் கையில் தராமல் தானே என் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டார். போனில் பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்தார். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் கீழே, அண்ணாந்து என் மூக்குத் துவாரத்தையே பார்த்துக்கொண்டு. மறைக்க முந்தானை இல்லை, இரண்டு கையும் முழங்காலில். மூச்சு விட்டால் அவர் மேல்தான் விழுகிறது. விழட்டும் என்று விட்டேன். மூக்கு உள்ளே மெல்ல ஒரு விசில் அடிக்கிறது, அது அவருக்கும் கேட்டிருக்கும். இடது துவாரத்தின் ஓரத்தில் ஒரு ஈரம் சேர்கிற மாதிரி இருந்தது, ஆண்டவரே விழ வேண்டாம் என்றேன், விழவில்லை, அது ஈரமே இல்லை, பயம். அவர் கையைப் பார்த்தேன். ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றுகிற கை என்று பள்ளிக்கூடமே சொல்லும். குப்பியின் வாய் என் மேலுதட்டில் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு இவர் மேல் எவ்வளவு பிரியம் என்று இருபத்தொன்பது வருஷத்தில் நான் இவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்கிற வீடு இல்லை எங்கள் வீடு, இப்போதும் சொல்லவில்லை, குனிந்தபடியே இருந்தேன்.

போன் அடித்தது. குப்பி காய்ந்து கிடந்தது. அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார், உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தார், உள்ளங்கையை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வாசலில் ஆட்டோ வந்து ஹார்ன் அடித்தது. நான் எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தேன். அவர் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, திருப்பிப் போட்ட சட்டையிலேயே துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "சீலி" என்றார். "எனக்கு மறுபடி அந்த வராந்தாவுல நிக்க முடியாது பிள்ள." பிடித்த நாற்காலிக் கையை விட்டேன். "இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கியா? எனக்காவ" என்றார். கழுத்து விண்விண் என்று தெறித்தது. நான் தலையைக் குனிந்தேன். அவர் குப்பியைக் கீழே பிடித்து, போனில் வைக்காமல், வாயால் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் மறுபடியும் ஹார்ன் அடித்தார். நானும் கூடவே எண்ணினேன்.